ஏற்காட்டுச் சாரலுக்கும் சேலத்து மாம்பழத்துக்கும் ஒரு மடக்குக் கத்தி

தம்பி கேட்டது சுருக்கமாக இது: ஏழு வருஷமாகப் பையில் விக்டோரினாக்ஸ் காடெட் என்ற சின்ன சுவிஸ் மடக்குக் கத்தி இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் சேலத்தில் அலுவலகம், சனி ஞாயிறு ஏற்காட்டில் குடும்பத்துக் காப்பித் தோட்டம். தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிவிட்டது. அடுத்ததாக, விரித்தால் பூட்டிக்கொள்கிற கத்தி ஒன்று வேண்டும். டி2 எஃகா, 14சி28என் எஃகா, இல்லை கொஞ்சம் கூடுதலாகப் போட்டு எஸ்30வி-க்கே போய்விடலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 14சி28என் எஃகு, எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாத மெல்லிய அலகு, பின்பூட்டு அல்லது குறுக்குக் கம்பிப் பூட்டு (இரண்டையும் கீழே விளக்குகிறேன்), நைலான் அல்லது ஜி10 (கண்ணாடியிழையைப் பிசினில் இறுக்கிய பலகை) கைப்பிடி, 90 கிராமுக்குள் எடை. இப்படி ஒன்றைத் தேடி வாங்குங்கள். எஃகின் பெயரைப் பற்றி நீங்கள் யோசித்த நேரத்தில் பாதியையாவது அலகின் பருமனுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஏற்காட்டில் தோட்ட மேற்பார்வை வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். மடக்குக் கத்தி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியது குறைவு. ஒவ்வொரு முறை புதிதாக வாங்கும் முன்பும் இரண்டு வாரம் ஒரு துண்டுத்தாளில் எதையெல்லாம் வெட்டினேன் என்று எழுதுவேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். கடைசியாக நான் எழுதிய தாளில் சேலத்து நாட்களுக்குப் பார்சல் டேப், பால் பாக்கெட், கொரியர் உறை, மாம்பழம் என்று இருந்தது. தோட்டத்து நாட்களுக்கு நாற்றுப் பையின் அடியைக் கிழித்தது, மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு கட்டிய கயிற்றை அறுத்தது, காப்பி மூட்டையின் தையலைப் பிரித்தது, சொட்டுநீர்க் குழாயை நறுக்கியது, ஆரஞ்சு உரித்தது. பெரிய கத்தி கேட்கிற வேலை ஒன்றுகூட அதில் இல்லை. கிளைக்குக் கவாத்துக் கத்தரி இருக்கிறது, புதருக்கு அரிவாள் இருக்கிறது, ஒட்டுக் கட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஒட்டுக் கத்தி தனியாக இருக்கிறது. இவர்களின் வேலையை எல்லாம் பைக்கத்தியிடம் கொடுக்க நினைத்தால்தான் நான்கு அங்குல அலகும் 150 கிராம் எடையும் கண்ணுக்கு அழகாகத் தெரியும். மூன்றாவது வாரம் அது மேசை டிராயரில் கிடக்கும். என் டிராயரில் அப்படி இரண்டு கிடக்கின்றன.

இப்போது பருமன். ஒரு மாங்காயை எடுத்து, கடினமானதாகப் பார்த்து, குறுக்கே வெட்டிப் பாருங்கள். உங்கள் காடெட் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதுகில் நான்கு மில்லிமீட்டர் தடித்த அலகு பாதி வழி போய் நிற்கும். இன்னும் அழுத்தினால் மாங்காய் வெட்டுப்படாமல் ‘டக்’ என்று பிளந்துவிடும். இரண்டும் முடியை மழிக்கும் கூரோடு இருந்தாலும் இப்படித்தான். கூர் என்பது நுனி விளிம்பில் இருக்கும் விஷயம். அதற்குப் பின்னால் வருகிற உடம்பு எவ்வளவு ஒல்லி என்பதுதான் காய்க்குள் போவதைத் தீர்மானிக்கிறது. முதுகுப் பருமன் இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரைக்கும் ஒரே தட்டைச் சரிவு, கூர்வாய் தொடங்கும் இடத்தில் அரை மில்லிமீட்டருக்குள் பருமன். இந்த மூன்றும் இருந்தால் சாதாரண எஃகுகூட நன்றாக வெட்டும். பாதி உயரத்தில்தான் சரிவே தொடங்குகிற அலகுகள் மரத்தைச் சீவத் தாங்கும், ஆனால் பழத்துக்கும் அட்டைப் பெட்டிக்கும் அவை ஆப்பு மாதிரிதான். விற்பனைப் பக்கங்களில் எஃகின் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள், இந்த அரை மில்லிமீட்டர் கணக்கைப் பெரும்பாலும் போடுவதில்லை. அலகை நுனிப் பக்கமிருந்து நேராகப் பார்த்து எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஆப்பா, இலையா என்று தெரிந்துவிடும்.

சரி, எஃகு. சேலத்துக்காரர்கள் இதைப் பேசாமல் இருக்க முடியாது. கஞ்சமலையின் காந்தக் கல்லிலிருந்து நம் கொல்லர்கள் இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்புத் துண்டை மண் மூசையில் இட்டு, ஆவாரைக் கட்டையைச் சீவிப் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயைப் பூசி, உலையில் வைத்து உருக்கினார்கள். அந்த ஆவாரைக் கட்டைதான் எஃகுக்கு வேண்டிய கரியைக் கொடுத்தது. இன்று ஒரு கத்தியின் விவரத்தில் ‘0.62 சதவீதம் கார்பன்’ என்று எழுதியிருப்பது அதே கரிதான். 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்ற கொல்லரின் பெயர் பொறித்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டிகளையும் இங்கிருந்த ஆங்கிலேயர்கள் தேடி வாங்கினார்கள். இப்போதும் பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் அவை இருக்கின்றன. நல்ல எஃகோடு அதற்குச் சரியான பதம் கொடுக்கத் தெரிந்த கையும் சேர்ந்தால்தான் அப்படி ஒரு பெயர் நிற்கும். இன்றைக்கும் அப்படித்தான். ஒரே எஃகை இரண்டு பட்டறைகளில் வேறு வேறு விதமாகச் சூடாக்கித் தோய்த்தால் இரண்டு வேறு கத்திகள் கிடைக்கும். அதனால் பெயர் தெரியாத கம்பெனியின் எஸ்30வி-யைவிட, வெப்பப் பதத்தை ஒழுங்காகச் செய்கிற கம்பெனியின் 14சி28என்-ஐ நான் நம்புவேன்.

நீங்கள் கேட்ட மூன்றையும் பார்ப்போம். டி2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவு. 12 என்பதைப் பார்த்துத் துருப்பிடிக்காது என்று நினைப்பார்கள். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும் பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாகப் போய்விடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம். கூர் நெடுநாள் நிற்கும், உண்மை. அட்டைப்பெட்டி வெட்டியே பிழைப்பவருக்கு நல்ல எஃகு. ஆனால் ஏற்காட்டில் ஐப்பசி மாதம் பனிமூட்டத்துக்குள் நனைந்த சட்டையோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, கத்தியைத் துடைக்காமல் வைத்துப் பாருங்கள். என் டி2 கத்தியில் இரண்டே நாளில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள் வந்தன. அதில் ஒன்று கூர்வாயிலேயே விழுந்து குழியாகிவிட்டது.

எஸ்30வி-யில் வனேடியம் நான்கு சதவீதம். வனேடியம் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் மணலைவிடக் கடினமானவை. கூர் போகவும் நாளாகும், போன பிறகு திரும்பக் கொண்டுவரவும் நாளாகும். வைரத்தூள் பதித்த தகடு வாங்கி, பொறுமையாக உட்கார்ந்து தேய்க்கிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். மாதம் ஒருமுறை சமையலறைக் கல்லில் பத்து நிமிஷம் தேய்க்கிறவருக்கு அது சரிவராது.

14சி28என் ஸ்வீடனில் செய்வது. கார்பன் 0.62, குரோமியம் 14, கூடவே துளி நைட்ரஜன். அந்த நைட்ரஜனால் கார்பனை ஏற்றாமலே கடினம் கிடைக்கிறது, குரோமியம் துருவைத் தடுக்கும் வேலைக்கு மிஞ்சுகிறது. துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் மெல்லிய வாயாகத் தீட்டினாலும் பொடியாது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் காடெட்டின் எஃகு 56 அளவு. இதை 58-லிருந்து 61 வரை கொண்டுபோகலாம். ஆகவே கூர் நிற்பதில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும், தீட்டுவதிலோ பழைய சுலபம் அப்படியே இருக்கும். அதன் உறவான 12சி27-உம் போதும். விலை குறைந்த மடக்குக் கத்திகளில் வரும் 8சிஆர்13எம்ஓவி-யையும் நான் ஒதுக்க மாட்டேன்.

நம் ஊர் ஆட்கள் ஏமாறுகிற ஒரு விஷயம் உண்டு. சேலம் உருக்காலைத் தகட்டில் செய்த பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருப்பதால், ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்த கத்தியைப் பார்த்தால் தரமானது என்று எடுத்துவிடுகிறோம். பாத்திரத்துக்குப் போகும் எவர்சில்வரில் நிக்கல் கலந்திருக்கும். அதை எவ்வளவு சூடாக்கித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. கத்தி எஃகு வேறு ரகம். காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். கத்தி எஃகு இறுக்கமாகப் பிடிக்கும், நிக்கல் கலந்த எவர்சில்வர் பிடிக்காது, இல்லை லேசாகத்தான் பிடிக்கும். காந்தம் பிடித்ததாலேயே நல்ல கத்தி என்று ஆகிவிடாது. பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பூட்டு விஷயத்தில் என் விரலில் தழும்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1897-ல் சுவிஸ் ராணுவ அதிகாரிக் கத்தி பதிவானபோதே அதற்குப் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு வில் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் காடெட்டும் அதே வழி. வாய்ப்பக்கம் மட்டும் அழுத்தி வெட்டும்வரை அதுவே போதும். ஏழு வருஷம் பூட்டில்லாமல் கையைக் காத்திருக்கிறீர்கள், அந்தப் பழக்கத்தைப் பூட்டு வந்த பிறகும் விடாதீர்கள். நான் விட்டேன். புதிதாக வாங்கிய மலிவான தகட்டுப் பூட்டுக் கத்தியின் நுனியை ஒரு மூங்கில் கணுவில் குத்தித் திருகினேன். உள்தகடு அலகின் அடிப்பாகத்தை விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திருகியதும் அது நழுவி, அலகு ஆள்காட்டி விரல் மேல் மடங்கியது. ஐந்து தையல். கம்பெனியின் தவறு பாதி, நெம்புவதற்குக் கத்தியை எடுத்த என் தவறு பாதி.

உள்தகடு வளைந்து வந்து முட்டுக் கொடுக்கும் தகட்டுப் பூட்டு இன்றைய வடிவில் 1980-களில் வந்தது. நன்றாகச் செய்தால் உறுதியானது. ஆனால் மூடும்போது கட்டைவிரலை அலகின் பாதையிலேயே வைக்க வேண்டும். மழையில் விரல் விறைத்திருக்கும்போது எனக்கு அது பிடிப்பதில்லை. பின்பூட்டில் முதுகிலிருக்கும் நெம்புகோலை அழுத்தினால் அலகு விடுபடும், விரல் பாதைக்கு வெளியே இருக்கும். 1964-ல் வந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி இந்தப் பூட்டை உலகம் முழுக்கப் பரப்பியது. குறுக்குக் கம்பிப் பூட்டில் கைப்பிடியின் குறுக்கே ஓடும் கம்பி ஒன்று அலகை நிறுத்திப் பிடிக்கும், அதைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். 1998-ல் பெஞ்ச்மேட் என்ற கம்பெனி இதைக் கொண்டுவந்தது, இப்போது பல கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் போடுகின்றன. இடக்கையாலும் வலக்கையாலும் ஒரே மாதிரி திறந்து மூடலாம், இன்னொரு கையில் கொடியைப் பிடித்திருப்பவருக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை. உள்ளே சன்னமான வில்கம்பிகள் இருப்பதால் மண் புகுந்தால் கழுவிக் காயவைக்க வேண்டும்.

ஒப்பினெல் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கத்தி அது. பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890-லிருந்து செய்கிறார்கள், வளையப் பூட்டு 1955-ல் சேர்ந்தது. எட்டாம் எண் அளவுக் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர், ஆனால் மொத்த எடை 45 கிராம் அளவுதான், அலகு இலை மாதிரி. மாம்பழத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே ஒரு குறை: கைப்பிடி பீச் (beech) மரம். ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடிக்கும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் நகத்தால் இழுத்துத் திறக்க முடியாமல், கைப்பிடியின் அடியை மரத்தில் தட்டி அலகை வெளியே வரவைத்திருக்கிறேன். சேலத்திலேயே இருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு துருப்பிடிக்காத ஒப்பினெல் என்று சொல்வேன். உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. கார்பன் எஃகு ஒப்பினெலும் வரும், அதை வாழைக்காயிலும் மாங்காயிலும் வைத்தால் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து வெட்டிய பக்கம் கறுத்துப்போகும். சாப்பிடக் கெடுதல் இல்லை, தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கத்தான் சங்கடம்.

கைப்பிடிக்கு வருவோம். சித்திரை வெயிலில் சேலத்துக் கைக்கு வியர்வை கொட்டும். வழுவழுப்பான எஃகுக் கைப்பிடி அப்போது நழுவும். சொரசொரப்பான நைலானோ ஜி10-ஓ போதும், இரண்டும் தண்ணீரை உறிஞ்சாது. கிளிப் பற்றி ஒன்று: பேன்ட் பைக்கு அது நல்லது. தோட்டத்தில் வேட்டியோ லுங்கியோ கட்டுகிறவர் என்றால் கிளிப்பால் பயனில்லை. சட்டைப்பையில் போட்டுக் குனிந்தால் கிணற்றிலோ காப்பிச் செடி அடியிலோ போய்விடும். கைப்பிடியில் கயிறு கோக்க ஓட்டை இருக்கிறதா பாருங்கள், சிவப்பு நூல் ஒன்றைக் கோத்துவிட்டால் சருகுக்குள் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்குத்தான் உரிமம் பேசப்படுகிறது. வீட்டு, விவசாய உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. எட்டு சென்டிமீட்டர் அலகு அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்க வேண்டாம், ஒரு போலீஸ்காரர் முன்னால் அது பழம் வெட்டும் கத்தியாகத் தெரியாது. கெர்ஷா லீக் 14சி28என்-இல் வரும் மிக மெல்லிய, அழகான கத்தி. அது உள்வில் உதவியோடு சட்டென்று திறப்பதாலும் நுனி ஊசியாக இருப்பதாலும்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஓமலூர்ப் பக்கம் விமானம் ஏறப் போகும் நாளில் எந்தக் கத்தியானாலும் கைப்பையில் வைக்காதீர்கள், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் எல்லாரும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். பலாப்பழம் அரிவதற்கு முன் அலகில் தடவ அதைவிட நல்லது இல்லை, பால் ஒட்டாது. ஆனால் மடக்கும் அச்சில் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் கத்தி திறக்கவே அடம்பிடிக்கும், நாளானால் பிசினாகவும் ஆகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சுக்கு. பழம் வெட்டும் அலகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

தீட்டுவதற்கு 1000 எண் கல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). இரண்டு சென்டிமீட்டர் அகல அலகின் முதுகுக்குக் கீழே ஒரு பென்சிலைப் படுக்கவைத்தால் கிடைக்கிற சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. கையை அந்தச் சாய்வுக்குப் பழக்கிக்கொண்டு பென்சிலை எடுத்துவிடுங்கள். கூர்வாயில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு இரண்டு தேய்ப்பு தேய்த்துப் பார்த்தால் கல் எங்கே படுகிறது என்று மை அழிவதிலேயே தெரியும். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் பிசிறு விரலுக்குத் தட்டும்வரை தேயுங்கள், அப்புறம் திருப்புங்கள், கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இழுங்கள். எந்திரச் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு நல்ல கத்தியைச் செவ்வாய்பேட்டைப் பக்கம் சாணை பிடிக்கக் கொடுத்தேன். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்தார், வாய் நீலமாகித் திரும்பி வந்தது. நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு கயிறு அறுத்ததும் மழுங்கியது.

பார்சல் வந்ததும் அன்றைக்கே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே. மூடிய நிலையில் அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். விரித்துப் பூட்டியபின் அலகைப் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ‘கடக்’ என்று எந்த ஆட்டமும் கூடாது. பிறகு விரல்களை அலகின் பாதையில் இல்லாமல் விலக்கிப் பிடித்து, முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். அடிக்க வேண்டாம், அழுத்தினால் போதும். பூட்டு விட்டால் அந்தக் கத்தி வேண்டாம். தகட்டுப் பூட்டு வாங்கியிருந்தால் உள்தகடு அலகின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

காடெட்டைத் தூக்கிப்போடாதீர்கள். தீட்டத் தீட்ட வாய் மேலேறி, தடித்த பகுதிக்கு வந்திருக்கும். அதனால்தான் முன்பு போல வெட்டவில்லை, எஃகு கெட்டுப்போகவில்லை. 400 எண் கல்லில் அலகை ஏறக்குறையப் படுக்கவைத்து, வாய்க்கு மேலே உள்ள தோளை இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து ஒல்லியாக்குங்கள். பக்கவாட்டில் கீறல் விழும், பரவாயில்லை. அதன்பின் 1000 கல்லில் வழக்கம் போல வாய் வையுங்கள். ஒரு ஞாயிறு மதியம் பிடிக்கும். அலுவலகப் பைக்கு அது இன்னும் ஏழு வருஷம் வரும்.